பிரசவ பயத்தைக் குறைக்கும் பாடம்: ஐந்தாம் மாதம் தொடங்கி லேபர் வார்டு வரை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை என்றால் கர்ப்பிணிகள் நாள். எடை பார்த்து, பிபி பார்த்து, வயிற்றை அளந்து, மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பும்வரை எல்லாரும் அமைதியாகத்தான் இருப்பார்கள். டாக்டர் எழுந்து அந்தப் பக்கம் போனதும் ஒரு பெண் மட்டும் திரும்பி வருவாள். "சிஸ்டர், ரொம்ப வலிக்குமா?"

செவிலியராக நான் வேலை பார்த்த முதல் பத்து வருடம் இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில், "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, பயப்படாத." அது பதிலே இல்லை என்று புரிய நாளாயிற்று. கேட்டவள் தலையாட்டிவிட்டுப் போவாள். பயம் அப்படியே அவளோடு வீட்டுக்குப் போகும். வளைகாப்பில் பெரியம்மா ஒருவர் "எனக்கு ரெண்டு நாள் வலி, செத்துப் பிழைச்சேன்" என்று சொல்லியிருப்பார். சினிமாவில் ஒரு அலறல், அடுத்த காட்சியில் துணியில் சுற்றிய குழந்தை. நடுவில் என்ன நடக்கிறது என்று அவளுக்கு ஒருவரும் வரிசையாகச் சொன்னதே கிடையாது.

அந்த நடுப்பகுதியைச் சொல்லித் தருவதுதான் பிரசவத்துக்கு முந்தைய கல்வி. பலன் உண்டா என்று கேட்டால், பின்லாந்தின் ஹெல்சின்கியில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்வேன். 2013இல் வெளிவந்தது. முதல் பிரசவத்தை நினைத்துக் கடுமையாகப் பயந்த 371 பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கர்ப்ப காலத்தில் ஆறு வகுப்புகள், குழந்தை பிறந்தபின் ஒன்று. பிரசவம் எப்படி நடக்கும் என்ற விளக்கம், பயத்தைப் பற்றிய பேச்சு, உடலைத் தளர்த்தும் பயிற்சி. அவ்வளவுதான். வகுப்புக்கு அழைக்கப்பட்ட பிரிவில் கருவி உதவியில்லாத இயல்பான பிரசவம் 63 சதவீதம், மற்ற பிரிவில் 47. சிசேரியன் 23 சதவீதம், மற்ற பிரிவில் 32.

நம் ஊரில் ஆறு வகுப்புக்கு எங்கே போவது? சில தனியார் மருத்துவமனைகளில் உண்டு, பணம் கட்ட வேண்டும். மற்றவர்கள் வீட்டிலிருந்தபடியே செய்துகொள்ளக்கூடியதை இங்கே எழுதுகிறேன். ஐந்தாம் மாதத்தில் ஆரம்பித்தால் நிதானமாகப் போகலாம். எட்டாம் மாதம் ஆகிவிட்டதா? பரவாயில்லை, முதல் மூன்று படிகளை இந்த வாரமே முடித்துவிடுங்கள். இதில் உள்ள எதுவும் உங்கள் டாக்டர் உங்கள் உடம்பைப் பார்த்துச் சொல்வதற்கு மாற்று இல்லை.

படி 1: எதற்குப் பயம் என்று எழுதுங்கள்

"பிரசவம்னாலே பயமா இருக்கு" என்பதை வைத்துக்கொண்டு யாராலும் உதவ முடியாது. ஒரு பழைய நோட்டை எடுங்கள். "எனக்கு பயமாக இருப்பது..." என்று ஆரம்பித்துப் பத்து வரி எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம்.

நான் கேட்டுப் பார்த்ததில், முதலில் வருவது வலி. அப்புறம் கிழிந்துவிடுமோ, தையல் போடுவார்களோ என்பது. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ, நான் பிழைப்பேனா என்பதெல்லாம் தொடர்ந்து வரும். கொஞ்சம் பழகியபின்தான் அடுத்த அடுக்கு வெளியே வரும்: முன்பின் தெரியாதவர் முன்னால் துணி இல்லாமல் படுக்க வேண்டுமா, கையை விட்டுப் பார்ப்பார்களாமே, முக்கும்போது மலம் வந்துவிட்டால் மானம் போய்விடாதா, கத்தினால் திட்டுவார்களா, அறைவார்களா. வலியைவிட இந்தக் கூச்சத்துக்கும் அவமானத்துக்கும் பயந்தவர்கள்தான் அதிகமோ என்று எனக்குத் தோன்றியதுண்டு.

எழுதியபின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இதற்குப் பதில் யாரிடம் இருக்கிறது என்று குறியுங்கள். குழந்தையின் நிலை பற்றியது டாக்டரிடம். வார்டில் எப்படி நடத்துவார்கள் என்பது அங்கே சமீபத்தில் பிரசவித்தவரிடமும் அங்குள்ள செவிலியரிடமும். தனியாக விட்டுவிடுவார்களோ என்பது உங்கள் வீட்டிலேயே பேசி முடிக்க வேண்டியது. பத்து வரியில் ஆறேழுக்கு ஆள் கிடைத்துவிடும்.

சிலருக்கு இந்தப் பயம் அளவு மீறிப் போகும். பிரசவத்தை நினைத்தாலே தூக்கம் போய்விடுவது, செக்கப்புக்குப் போகாமலே இருப்பது, வயிற்றில் குழந்தை அசைவதே வெறுப்பாக இருப்பது, முதல் நாளே "ஆபரேஷன் பண்ணிடுங்க, இல்லேன்னா செத்துடுவேன்" என்பது. மருத்துவத்தில் இதற்கு டோக்கோபோபியா என்று பெயர். முந்தைய பிரசவம் கொடுமையாக அமைந்தவர்களுக்கும், எப்போதோ பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். நோட்டும் பேனாவும் மட்டும் இதற்குப் போதாது. டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லி மனநல ஆலோசனை கேளுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

படி 2: பயம் உடம்பில் என்ன செய்கிறது

பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1930களிலேயே ஒரு சுழற்சியைச் சொன்னார்: பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயம் இன்னும் ஏறும். அவர் சொன்ன எல்லாவற்றையும் இன்று யாரும் ஏற்பதில்லை. பயம் போனால் வலியே இருக்காது என்கிற அளவுக்கு அவர் போனார், அது சரியல்ல. ஆனால் இந்தச் சுழற்சியை வார்டில் நிற்கும் யாரும் கண்ணால் பார்க்கலாம். கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் அதன் வேலையைக் கெடுக்கக்கூடியது. வீட்டில் நன்றாக வந்துகொண்டிருந்த வலி, வார்டு வாசலில் கால் வைத்ததும் நின்றுபோன கதையை எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்வார்.

நார்வேயில் 2,206 பெண்களைப் பார்த்த ஓர் ஆய்வில், மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தாலும், கடும் பயம் இருந்தவர்களுக்குப் பிரசவம் சராசரியாக 47 நிமிடம் கூடுதலாக நீண்டது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அதே ஆய்வில் பயந்தவர்களிலும் 100க்கு 89 பேர் இயல்பான வழியில்தான் பெற்றார்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். "நீ பயந்ததாலதான் ஆபரேஷன் ஆச்சு" என்று சொல்லும் உறவினர்கள் உண்டு. குழந்தையின் துடிப்பு குறைவதற்கும், தலை திரும்பாமல் இருப்பதற்கும் தாயின் பயம் காரணமில்லை.

படி 3: வலியின் கதையை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஏழாம் மாதத்துக்குள் இதை நீங்களே இன்னொருவருக்குச் சொல்லும் அளவுக்குத் தெரிந்திருந்தால் நல்லது.

முதலில் சூட்டு வலி. கடைசி வாரங்களில் வயிறு கல் மாதிரி இறுகும், விடும். ஒழுங்கில்லாமல் வரும். நடந்தால், படுத்தால், தண்ணீர் குடித்தால் அடங்கும். பாட்டிகள் சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பார்கள், நின்றால் சூட்டு வலி, நிற்காவிட்டால் நிஜ வலி. சீரகத்துக்கு அப்படியொரு சக்தி இருக்கிறதோ இல்லையோ, காய்ச்சி ஆற்றிக் குடித்து அரைமணி நேரம் பொறுத்துப் பார்ப்பது நல்ல வழிதான். நிஜ வலி ஒழுங்காக வரும், இடைவெளி குறைந்துகொண்டே வரும், எதற்கும் அடங்காது. பெரும்பாலும் முதுகில் ஆரம்பித்து அடிவயிற்றுக்குச் சுற்றி வரும். ஆனால் முப்பத்தேழு வாரம் முடியும் முன் ஒழுங்காக வலி வந்தால் சீரகமும் வேண்டாம், பொறுத்துப் பார்ப்பதும் வேண்டாம், நேரே மருத்துவமனை.

கர்ப்பப்பை வாய் 10 சென்டிமீட்டர் திறக்க வேண்டும். முதல் 5 சென்டிமீட்டர் வரை மெதுவான காலம். தலைப்பிரசவத்தில் இது பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும் இழுக்கும். பெரியம்மாவின் "ரெண்டு நாள் வலி" பெரும்பாலும் இந்தக் காலத்தையும் சேர்த்த கணக்கு. இந்த நேரத்தில் சாப்பிடலாம், தூங்கலாம், குளிக்கலாம், சீரியல் பார்க்கலாம். வேறு சிக்கல் இல்லையென்றால் வீட்டில் இருப்பதே வசதி.

5 சென்டிமீட்டருக்குமேல் வேகமான காலம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத்தான் தொடக்கமாக வைக்கிறது. தலைப்பிரசவத்தில் இது 12 மணி நேரத்தைத் தாண்டுவது பொதுவாக இல்லை, அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கையும் அந்த வழிகாட்டுதல் கைவிட்டுவிட்டது. ஆகவே "இன்னும் மூணு சென்டிமீட்டர்தானா" என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் கலங்க வேண்டாம்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போடலாம். நன்றாக வலி பிடித்தபின் பத்து நிமிடத்துக்கு மூன்று வலி, ஒவ்வொன்றும் 45 விநாடி என்று வையுங்கள். பத்து நிமிடத்தில் வலிக்கிற நேரம் இரண்டேகால் நிமிடம். ஒரு மணி நேரத்துக்குப் பதின்மூன்றரை நிமிடம். மிச்சம் நாற்பத்தாறு நிமிடத்துக்கு மேல் வலி இல்லாத நேரம். கடைசியில் இது மாறும், வலி நெருங்கி வரும், நீளும். ஆனாலும் இடைவெளி இல்லாத தொடர் வலி என்பது இயல்பான பிரசவத்தில் கிடையாது. பத்து மணி நேரம் விடாமல் வலிக்கும் என்று நினைத்து வந்த பெண்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் விரல் விட்டுச் சொல்வேன். முகம் மாறுவது தெரியும். (வயிறு தளரவே இல்லை, தொடர்ந்து கல்லாக இருந்து வலிக்கிறது என்றால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். அது வேறு.)

எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு கட்டம் வரும். கால் நடுங்கும், குமட்டும், வாந்தி வரும், வேர்க்கும். "என்னால முடியாது, வயித்தக் கிழிச்சு எடுத்துடுங்க" என்று பெரும்பாலானோர் சொல்வது இங்கேதான். தெரியாதவருக்கு இது ஆபத்து மாதிரி இருக்கும். உண்மையில் கிட்டத்தட்ட வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

அடுத்து முக்குவது. மலம் வருகிற மாதிரியே அழுத்தும், ஏனென்றால் தலை அந்த இடத்தைத்தான் அழுத்துகிறது. கொஞ்சம் மலம் வரவும் செய்யும். நர்ஸ் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார், அதை யாரும் நினைவில்கூட வைப்பதில்லை. இதற்குப் பயந்து அடக்குகிறவர்களுக்குத்தான் நேரம் கூடும். தலைப்பிரசவத்தில் முக்கும் கட்டம் மூன்று மணி நேரம் வரை போகலாம், அதற்குமேல் பொதுவாகப் போகாது. தலை வெளியே வரும்போது சுரீரென்று எரியும். அப்போது "முக்காதே, ஊது" என்பார்கள். வாயைத் திறந்து ஊதினால் தலை மெதுவாக வரும், கிழிவது குறையும்.

குழந்தை வந்ததும் உங்கள் தொடையில் ஒரு ஊசி, ரத்தப்போக்கு கூடாமல் இருக்க. அரைமணிக்குள் நஞ்சுக்கொடி வந்துவிடும். தையல் தேவைப்பட்டால் மரத்துப்போக ஊசி போட்டபின் போடுவார்கள். போடவில்லை என்று தோன்றினால் "ஊசி போட்டுட்டுத் தையல் போடுங்க" என்று கேட்கலாம், வெட்கப்பட வேண்டாம்.

படி 4: தினம் பத்து நிமிடம் பயிற்சி

படித்தது மறந்துபோகும். வலி வரும்போது மூளை யோசிக்காது, உடம்பு பழகியதைத்தான் செய்யும். அதனால் பயிற்சி.

மூச்சு: மூக்கால் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக வாயால் ஊதி விடுவது. சூடான ரசத்தை ஊதுவது போல. ஊதும்போது தாடையையும் தோளையும் தளர விடுங்கள். பல்லைக் கடித்தபடி இடுப்பைத் தளர்த்த முடியாது, இப்போதே முயன்று பாருங்கள். இதில் பெரிய சூத்திரம் ஏதும் இல்லை, விதவிதமான மூச்சு முறைகளை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை.

ஐஸ் கட்டிப் பயிற்சி: பிரசவ வகுப்புகளில் எங்கும் செய்வது. உள்ளங்கையில் ஒரு ஐஸ் கட்டியை ஒரு நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். முதல் முறை எதுவும் செய்யாமல், இரண்டாம் முறை மெதுவாக ஊதிக்கொண்டு, மூன்றாம் முறை கணவரோ அம்மாவோ தோளைத் தடவிக்கொடுக்க. ஒரே ஐஸ், மூன்று விதமாகத் தெரியும். பிரசவ வலி ஐஸ் கட்டி அல்ல, எனக்கும் தெரியும். ஆனால் வலியின்போது நம்மால் செய்யக்கூடியது ஏதோ இருக்கிறது என்பதைக் கை கற்றுக்கொள்கிறது.

நிற்பதும் சாய்வதும்: சுவரில் கை ஊன்றி இடுப்பை ஆட்டுவது, மண்டி போட்டுக் கட்டிலில் சாய்வது, இடப்பக்கம் படுத்துக் காலிடுக்கில் தலையணை வைப்பது. எது உங்களுக்கு இதம் என்று இப்போதே கண்டுபிடித்து வையுங்கள். கீழே உட்கார்ந்து காய் நறுக்கிய பாட்டிகளுக்குக் குத்தவைத்து உட்காரச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, நமக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

34, 35 வாரத்துக்குமேல் பெண்ணுறுப்பின் கீழ்ப்பகுதியில் சுத்தமான எண்ணெய் தொட்டு மெதுவாக நீவிவிடுவது, தலைப்பிரசவக்காரர்களுக்குத் தையல் போடும் அளவுக்குக் கிழிவதைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. வாரத்துக்கு மூன்று நான்கு முறை, ஐந்து நிமிடம் போதும். நகம் வெட்டிக் கை கழுவிவிட்டு. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்கள், ரத்தம் பட்டவர்கள், தொற்று இருப்பவர்கள் செய்யக்கூடாது. டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

படி 5: வலி குறைக்க என்னவெல்லாம் உண்டு என்று கேளுங்கள்

வலியைத் தாங்குவது ஒரு பரீட்சை மாதிரி ஆகிவிட்டது நம் ஊரில். மருந்து கேட்டால் மட்டம் என்ற எண்ணம் பெண்களுக்கே இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

முதுகுத் தண்டுவட ஊசியான எபிடூரல் வலியை வெகுவாகக் குறைக்கும். மயக்க மருத்துவர் எந்நேரமும் இருக்கும் மருத்துவமனைகளில்தான் கிடைக்கும், பெரும்பாலும் நகரத்துத் தனியார் மருத்துவமனைகள். "அந்த ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகு வலி" என்பது பரவலான நம்பிக்கை. ஊசி போட்ட இடம் சில நாள் நோகும், நீண்டகால முதுகு வலிக்கும் அதற்கும் தொடர்பு காணப்படவில்லை. 100 பேரில் ஒருவருக்குப் போல கடும் தலைவலி வரலாம், அதற்கு சிகிச்சை உண்டு. சிசேரியன் வாய்ப்பு அதனால் கூடுவதில்லை.

சில இடங்களில் முகமூடி வழியாக மூச்சிழுக்கும் வாயு உண்டு, என்டோனாக்ஸ் என்பார்கள். சில இடங்களில் இடுப்பிலோ தொடையிலோ போடும் ஊசி. எதுவுமே இல்லாத இடங்களும் உண்டு. உங்கள் மருத்துவமனை எந்த வகை என்று எட்டாம் மாதத்திலேயே தெரிந்தால், வலியில் துடிக்கும்போது இல்லாததைக் கேட்டு ஏமாற வேண்டாம்.

வலி வரவழைக்க ஜெல் வைப்பது, டிரிப்ஸ் போடுவது பற்றியும் கேளுங்கள். டிரிப்ஸ் வலி சட்டென்று ஏறும், இடைவெளி குறைவாக இருக்கும். என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பதற வேண்டாம்.

படி 6: லேபர் வார்டை முன்கூட்டியே பாருங்கள்

32 வாரம் வாக்கில் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்: "ரூமை ஒரு தடவை பார்க்கலாமா?" உள்ளே விடாவிட்டாலும், வாசல் எது, ராத்திரி எந்தக் கேட் திறந்திருக்கும், கழிப்பறை எங்கே, உடன் வருபவர் எங்கே இருப்பார் என்றாவது தெரியும். ஒருமுறை பார்த்த இடம் அடுத்த முறை அவ்வளவு மிரட்டாது.

கேட்க வேண்டியவை:

– கூட ஒருவர் உள்ளே இருக்கலாமா? கணவரா, பெண்தானா?
– வலியின்போது நடக்கலாமா, தண்ணீர் குடிக்கலாமா?
– முக்கும்போது மல்லாந்துதான் படுக்க வேண்டுமா?
– கீழே வெட்டித் தையல் போடுவது எல்லாருக்குமா, தேவைப்பட்டால் மட்டுமா?
– பிறந்ததும் குழந்தையை நெஞ்சில் வைப்பீர்களா?

எல்லாருக்கும் வெட்ட வேண்டும், எனிமா கொடுக்க வேண்டும், மழிக்க வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. பழக்கத்தில் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. சண்டை போட வேண்டாம், கேட்டாலே பாதி மாறும்.

உள்பரிசோதனையைப் பற்றி: கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று இரண்டு விரலால் பார்ப்பது. வேகமான காலத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். "சொல்லிட்டுப் பாருங்க சிஸ்டர், ஒரு நிமிஷம் மூச்சு விட்டுக்கறேன்" என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். துணியால் மூடக் கேளுங்கள். சிறு வயதில் ஏதாவது நடந்து, தொட்டாலே உடம்பு விறைத்துப்போகும் என்றால், "எனக்குத் தொட்டா ரொம்ப பயம், மெதுவா" என்று மட்டும் சொன்னால் போதும். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

திட்டுவது உண்மையா? உண்மைதான். நானே கத்தியிருக்கிறேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் முக்கிக்கொண்டிருக்கும் இரவில் ஒரு பெண்ணை "புருஷன்கிட்ட படுக்கும்போது தெரியலையா" என்று என் சீனியர் கேட்டதை நின்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை என்பது இன்றும் உறுத்தும். 2017 முதல் மத்திய அரசின் லக்‌ஷ்யா திட்டம் பிரசவ அறையில் மரியாதையாக நடத்துவதை ஒரு தர அளவாகவே வைத்திருக்கிறது. திட்டினால், அடித்தால், கேட்க ஆள் உண்டு. தமிழ்நாட்டில் 104 எண்ணில் சொல்லலாம்.

படி 7: கூட வருபவருக்கும் பாடம் எடுங்கள்

பிரசவத்தின்போது தொடர்ந்து ஒருவர் கூடவே இருந்தால் என்ன ஆகும் என்பதை 26 ஆய்வுகள், 15,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிரசவ நேரம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது, கசப்பான அனுபவம் என்று சொல்பவர்கள் குறைகிறார்கள். மருந்து மாத்திரையில் இவ்வளவு பலன் இருந்தால் விளம்பரம் போட்டிருப்பார்கள்.

அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதிக்க மத்திய அரசு 2016இல் வழிகாட்டியது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே வழக்கம் உண்டு. பிரசவம் கண்ட பெண் உறவினர் ஒருவர் இருக்கலாம். தடுப்புத் திரையோடு தனிமை இருக்கும் இடங்களில் கணவரையும் விடலாம் என்கிறது அந்த வழிகாட்டுதல். நடைமுறை இடத்துக்கு இடம் மாறும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? அம்மா என்று கை தானாகப் போகும். ஆனால் மகள் முனகினாலே அழுகிற அம்மாவாக இருந்தால், திடமான சித்தியோ நாத்தனாரோ மேல். மாமியாருக்குச் சங்கடம் வராமல் இதை எப்படிச் சொல்வது என்று வளைகாப்புக்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள், கடைசி நாளில் பெரிய பிரச்சினையாகும்.

அவருக்குச் சொல்லித்தர வேண்டியது அதிகமில்லை. படி 3ஐ வாசித்துக் காட்டுங்கள். வலி வரும்போது பேசக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது, கூடவே மெதுவாக ஊத வேண்டும். இடுப்பின் பின்பக்கம் உள்ளங்கையால் அழுத்த வேண்டும், எங்கே அழுத்தினால் இதம் என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். வலி விட்டதும் ஒரு மடக்குத் தண்ணீர், முகம் துடைப்பது, "ஒண்ணு முடிஞ்சுது" என்ற ஒரு சொல். கண்டிப்பாகச் சொல்லக்கூடாதவை: "நாங்கல்லாம் பெத்துக்கலையா", "கத்தாத, பக்கத்துல கேக்கும்", "இதுக்கே இப்படின்னா". போன் பேசுவதை வெளியில் இருக்கும் ஒருவரிடம் விட்டுவிடுங்கள்.

படி 8: ஆபரேஷனைப் பற்றியும் படியுங்கள்

சிசேரியனைப் பற்றிப் பேசாத பிரசவ வகுப்பு தமிழ்நாட்டுக்கு உதவாது. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இங்கே நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இந்த எண்ணிக்கை தேவைக்கு மேல்தான் என்பது என் கருத்து. ஆனால் அந்த விவாதம் ஆபரேஷன் மேசையில் படுத்திருக்கும் பெண்ணுக்கு உதவாது.

மற்றதற்குச் "சுகப்பிரசவம்" என்று பெயர் வைத்ததாலேயே, ஆபரேஷன் ஆனவள் ஏதோ தோற்றுப்போன மாதிரி உணர்கிறாள். நான் இப்போதெல்லாம் "இயல்பான பிரசவம்" என்றுதான் சொல்வது.

என்ன நடக்கும்: பெரும்பாலும் முதுகில் ஒரு ஊசி, உட்கார்ந்தோ பக்கவாட்டில் படுத்தோ வளைந்து கொடுக்க வேண்டும். சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகும். நெஞ்சுக்கு முன்னால் திரை. நீங்கள் விழித்திருப்பீர்கள். வலி தெரியாது, இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், இதை யாரும் சொல்லாததால்தான் பலர் "மருந்து ஏறலை" என்று பதறுகிறார்கள். நடுக்கம் வரலாம், அது சகஜம். பொதுவாக முதல் பத்து நிமிடத்துக்குள் குழந்தை வெளியே. தையல் முடிய மொத்தம் முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். சிறுநீர்க் குழாய் மறுநாள் வரை இருக்கலாம்.

டாக்டர் ஆபரேஷன் என்று சொன்னால் மூன்று கேள்வி கேட்கலாம்: எதற்காக? இப்போதேவா, கொஞ்சம் பார்க்கலாமா? காத்திருந்தால் என்ன ஆபத்து? அவசரம் என்றால் அவர் ஒரே வரியில் சொல்வார், அப்போது மேற்கொண்டு கேட்காமல் கையெழுத்துப் போடுங்கள்.

படி 9: எப்போது கிளம்புவது

தலைப்பிரசவத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரமாக வருகிறது என்றால் கிளம்பலாம். ஊர் தூரம், ராத்திரி நேரம், மழை என்றால் முன்னாடியே.

வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே கிளம்ப வேண்டியவை: பனிக்குடம் உடைந்து நீர் போவது, அது பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் இன்னும் அவசரம். ரத்தம் போவது (சளி மாதிரி இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் பட்டால் பயமில்லை). குழந்தையின் அசைவு குறைவது. விடாத தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குவது, வலிப்பு. காய்ச்சல். 108க்கு அடியுங்கள், இலவசம்.

பையில் கர்ப்பிணி அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், பிக்மி எனும் அரசின் கர்ப்பிணிப் பதிவு எண். அந்த எண் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் வேண்டும். இதுவரை பதியவில்லை என்றால் கிராம சுகாதார செவிலியரிடம் இந்த வாரமே கேளுங்கள். துணிமணியை எந்தப் பாட்டியும் சரியாக அடுக்குவார், அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு அரைத்தாளில் நாலு வரி எழுதி அட்டையோடு செருகி வையுங்கள்: என் பெயர், என்னோடு இருப்பவர், எனக்கு அதிகம் பயம் எது, எதைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். ஷிஃப்ட் மாறி வரும் நர்ஸுக்கு நீங்கள் மறுபடி விளக்க வேண்டியிருக்காது. நீளமாக எழுதாதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள்.

படி 10: பிறந்தபின் ஒரு நாள்

ஹெல்சின்கி வகுப்புகளில் கடைசியானது பிரசவத்துக்கு அப்புறம் நடந்தது என்றேன் அல்லவா, அதை நம் ஊரில் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். குழந்தை வந்ததும் பிரசவத்தைப் பற்றிப் பேச்சே நின்றுபோகும். எதிர்பாராமல் ஆயுதம் போட்டு எடுத்திருந்தாலோ, அவசர ஆபரேஷன் ஆகியிருந்தாலோ, ஏன் அப்படி ஆனது என்று தெரியாமலே அந்தப் பெண் அடுத்த கர்ப்பத்துக்கு வருவாள், இரண்டு மடங்கு பயத்தோடு.

ஆறாவது வாரச் செக்கப்பில் டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டி, "இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை தமிழ்ல சொல்லுங்க" என்று கேளுங்கள். ஆபரேஷன் என்றால் காரணம் என்ன, அடுத்த முறை இயல்பாகப் பெற முயலலாமா, எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் அதே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது, அழுகை நிற்கவில்லை, குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை, இரண்டு வாரத்துக்குமேல் இப்படியே போகிறது என்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். ஆறாவது வாரம் வரை காத்திருக்கவும் வேண்டாம், 14416 எந்நேரமும் எடுப்பார்கள்.

அந்த டிஸ்சார்ஜ் தாளைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்த பிரசவத்தில் டாக்டர் முதலில் கேட்பது அதுதான், வீடு மாறும்போது முதலில் தொலைவதும் அதுதான்.